இரவு இரத்தப் பரிசோதனைக்கு வண்டி அனுப்புவது யார்?

மதிப்பிற்குரிய மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைச் செயலர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநரும் தாங்களே என்பதால், இரண்டு அலுவலகங்களுக்குத் தனித்தனியே எழுதும் வேலை எனக்கு மிச்சமாயிற்று.

கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராயும், தங்கள் கவுன்சிலின் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. ஜிப்மர் மருத்துவக் கல்வி நிறுவனமும் இதே ஊரில்தான் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது விஞ்ஞானிகளைக் குறிப்பிடுவதே வழக்கம். நான் எழுத வந்தது, அவர்களுக்காகப் பட்டியல் தயாரிப்போர், கிடங்கு காப்போர், வண்டி ஓட்டுவோர் ஆகியோரைப் பற்றி.

யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழுக்கள் நம் பகுதியில் இரவில்தான் மேற்புற இரத்தத்துக்குப் பெருமளவில் வருகின்றன. ஆகவே களப்பணியாளர்கள் இரவு எட்டு மணிக்குமேல் வீடுவீடாகச் சென்று விரல்நுனியில் இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வண்டியும் ஓட்டுநரும், டீசலுக்கு முன்பணமும், மிகைநேரப் பணிக்கான ஒப்புதலும், கண்ணாடித் தகடுகளும், ஊர்ப் பெரியவர்களுக்கு முன்கூட்டிய தகவலும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்த இரவு வீண். எத்தனை தேர்ந்த விஞ்ஞானி இருந்தாலும் பயனில்லை. இந்த ஏற்பாடுகளைச் செய்பவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். திட்டம் முடிந்ததும் அவரும் போய்விடுகிறார். எந்தக் கோப்பு எங்கே நிற்கும், எந்தத் தணிக்கைக் கேள்விக்கு என்ன பதில் என்ற அனுபவமும் அவரோடு போய்விடுகிறது. அடுத்த திட்டத்துக்கு வருபவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார். திட்டங்கள் தற்காலிகமாக இருக்கலாம்; அவற்றை நடத்தும் நிர்வாகப் பிரிவு ஒவ்வொரு நிறுவனத்திலும் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

நிதி வரும் காலத்தையும் கவனிக்க வேண்டுகிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. கொசு ஆய்வுக்கு உகந்த காலமும் அதுவே. நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. முந்தைய தவணை உரிய வழியில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஏற்கப்பட்டு, அடுத்த தவணை ஜனவரியில் வந்து சேர்ந்தால், மழை போயிருக்கும், செலவழிக்கும் கெடு மட்டும் நெருங்கியிருக்கும். (மார்ச் மாதத்தில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) களப்பணி உள்ள திட்டங்களுக்கு முதல் தவணையை ஆகஸ்ட் மாதத்துக்குள் விடுவிக்கக் கோருகிறேன்.

இன்னொன்று அவசரச் செலவு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பல பகுதிகளில் மின்சாரம் திரும்பப் பல நாள்களாயின. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் இதே கரைக்குத்தான் வந்தது. ஆண்டுக்கணக்கில் சேகரித்த இரத்த மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருக்கையில், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க, விடுப்பில் உள்ள அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருக்க முடியாது. புயல் எச்சரிக்கை நாள்களில், பணியில் இருக்கும் நிர்வாக அலுவலரே குறிப்பிட்ட தொகை வரை செலவிட்டுப் பின்னர் கணக்குக் கொடுக்க அதிகாரம் வேண்டும்.

நிரந்தரப் பணியிடங்களுக்கு நிதி அமைச்சகத்தின் ஒப்புதல் தேவை. அதற்குக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அவசரச் செலவுக்கான அதிகாரத்தைச் சுற்றறிக்கை மூலமாகவே பகிர்ந்தளிக்கலாம். அதையாவது இந்த ஆண்டு மழைக்கு முன் பிறப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.