புறா வாங்குவதற்கு முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேஜிக்கில் அடுத்தது புறாதான் என்று முடிவு கட்டிவிட்டாயாம். அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, அதற்குள் இரண்டு வெள்ளைப் புறா வாங்கிப் பழக்கிவிட முடியுமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய ஆள் நான். மேடையில் புறாவை எடுத்துக் கைதட்டல் வாங்கியது அவர். மற்ற நேரமெல்லாம் அதுகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவியது யார் என்று உனக்கே தெரியும். அவரிடம் கேட்டால் கைலாகவத்தைப் பற்றித்தான் பேசுவார்.

அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாத நிகழ்ச்சியைப் புறா இல்லாமல் செய். சீட்டும் கயிறும் பட்டுத்துணியும் உனக்கு நன்றாகவே வருகின்றன. புறா உன் வீட்டுக்கு வந்து, உன்னோடு சில மாதம் இருந்து, உன் கையைக் கண்டால் ஒதுங்காத நிலைக்கு வந்த பிறகு மேடையைப் பற்றி யோசிக்கலாம். மேடையில் நடுங்குகிற பறவையைக் கூட்டம் கண்டுபிடித்துவிடும். வித்தை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், "ஐயோ, பாவம்" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது.

வெள்ளையாக இருக்கிற எதையாவது வாங்கி வந்துவிடாதே. மேஜிக்காரர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது ரிங்நெக் என்கிற சின்ன இனத்தின் வெள்ளை வகை. கழுத்தின் பின்பக்கம் கறுப்பு வளையம் இருக்கிற இனம் அது; வெள்ளையில் மட்டும் அந்த வளையம் தெரியாது. சுமார் 150 கிராம் எடை, சாந்தமான சுபாவம். மாடப்புறா இனத்திலும் வெள்ளை உண்டு. ஆனால் அது இதைவிட இரண்டு மடங்கு கனம், இறக்கை வீச்சும் பலம். விற்கிறவர்கள் இரண்டையும் வெள்ளைப் புறா என்றேதான் சொல்வார்கள், நீதான் பார்த்து வாங்க வேண்டும். வெளியே திரியும் புறாவைப் பிடித்துப் பழக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். தவிர, அதன் பயமும் லேசில் போகாது. வீட்டில் வளர்க்கவும் மேடையில் காட்டவும் அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா என்பதையும் நீ இருக்கும் இடத்தில் விசாரித்துக்கொள்.

குஞ்சாக வாங்கினால் சீக்கிரம் பழகும். அதற்காக ரொம்பச் சின்னதாக வாங்காதே. தாயும் தகப்பனும் ஊட்டுவதை நிறுத்தி, தானாகவே தானியம் பொறுக்கித் தின்று நன்றாகத் தேறியிருக்க வேண்டும். ஏறக்குறைய இரண்டு மாத வயது சரியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் தனியாக வைக்காதே, அதற்குத் துணை வேண்டும். ஆனால் இரண்டு ஆணை ஒரே கூண்டில் போட்டால் கொத்திக்கொள்ளும். தலையில் ரத்தம் வருமளவுக்குக் கொத்தும்; சமாதானச் சின்னம் என்று இதற்கு யார் பேர் வைத்தார்களோ! ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்வது கஷ்டம். தலையைக் குனிந்து குனிந்து கூவுவது பெரும்பாலும் ஆண்தான், ஆனால் பெண்ணும் கூவும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் டிஎன்ஏ சோதனைதான் வழி. இரண்டும் பெண்ணாக இருந்தால் சச்சரவு குறைவு. ஜோடியாக இருந்தால் முட்டை வரும்.

முட்டை விஷயத்தை அப்பா உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டார். ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டை. பதினான்கு நாள் போல அடைகாக்கும். பகலில் பெரும்பகுதி ஆண் உட்காரும், சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை வரை பெண். ஆள் மாறுகிற நேரத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு சின்ன உறுமல் போடும். பிறகு ஒன்று எழுந்துகொள்ள, மற்றது முட்டையை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்காரும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் குஞ்சு பொரிக்கவிட்டால் கொஞ்ச காலத்தில் வீடு நிறைய புறாவாகிவிடும். முட்டையை எடுத்து எறிந்தால் உடனே அடுத்த ஈடு போடும், அதில் பெண்ணின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்துவிடும். அதனால் புது முட்டையை எடுத்துவிட்டு அதே அளவில் பொய் முட்டை வைத்துவிடு. ஆசை தீர உட்கார்ந்துவிட்டு அதுவே எழுந்துவிடும். ஜோடியில்லாத பெண்ணும் முட்டையிடும், அதற்கும் இதே வழிதான். அடையில் இருக்கிற புறாவை எக்காரணம் கொண்டும் மேடைக்கு எடுக்காதே.

கூண்டு உயரமாக இருப்பதைவிட நீளமாக இருக்க வேண்டும். புறா மேலும் கீழும் தொற்றி ஏறுகிற பறவை இல்லை, பக்கவாட்டில்தான் பறக்கும். இரண்டு இறக்கையையும் முழுக்க விரித்தாலும் கம்பியில் படக் கூடாது. ஜோடிக்கு ஒரு மீட்டர் நீளமாவது வேண்டும், அப்படியிருந்தும் தினமும் வெளியே விட வேண்டும். உட்காரும் குச்சிகள் ஒரே தடிமனாக இல்லாமல் வேறு வேறாக இருக்கட்டும், அப்போதுதான் கால் கெடாது. இரவில் மங்கலாக ஒரு விளக்கு எரியட்டும். கும்மிருட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் மிரண்டு கம்பியில் மோதி இறகெல்லாம் பிய்த்துக்கொள்ளும். காலையில் போய்ப் பார்த்தால் கூண்டு முழுக்க வெள்ளை இறகாகக் கிடக்கும்.

கூண்டைச் சமையலறையில் வைக்காதே. ஒட்டாத பூச்சுப் போட்ட பாத்திரம் அடுப்பில் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி, நமக்கு லேசாகத் தலைவலி கொடுக்கலாம். பறவையை நிமிஷத்தில் கொன்றுவிடும்.

தீனி பெரிய காரியமில்லை. சிறுதானியக் கலவையும் கொஞ்சம் கீரையும் போதும். புறா தானியத்தை உரிக்காமல் முழுசாக விழுங்கும், அதனால் அரைபடுவதற்குச் சிறு கல்லும் சத்துக்குச் சிப்பித்தூளும் தனிக் கிண்ணத்தில் வை. அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் எதுவும் கிட்டே வரக் கூடாது. தண்ணீர்க் கிண்ணம் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். கோழி மாதிரி தலையைத் தூக்கித் தூக்கிக் குடிக்காது, அலகை உள்ளே விட்டு உறிஞ்சியே குடிக்கும். குளிக்க வாரம் இரண்டு மூன்று தடவை அகலமான தட்டில் தண்ணீர் வை.

இனி பிடிக்கிற விதம். இதைத்தான் அப்பாவே என்னிடம் கற்றுக்கொண்டார் என்று நான் சொன்னால் அவர் மறுப்பார், எழுதி வைக்கிறேன். நம்மைப் போலப் பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மூச்சுவிட நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தாக வேண்டும். நெஞ்சைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால் மூக்கு திறந்திருந்தாலும் அதற்கு மூச்சுத் திணறும். உள்ளங்கையை அடியில் கொடுத்து, இரண்டு காலையும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பின்பக்கமாக விட்டுக்கொண்டு, கட்டைவிரலை முதுகில் இறக்கை நுனிகளின் மேல் லேசாக வை. நெஞ்சு எதிலும் படாமல் முன்னால் நிற்க வேண்டும். சரியாகப் பிடித்தால் அது கழுத்தை நீட்டிச் சுற்றும் முற்றும் பார்க்கும். தப்பாகப் பிடித்தால் உதறும், வாயைத் திறக்கும். வாயைத் திறந்தால் அந்த நொடியே விட்டுவிடு.

பழக்குவதற்கு ரகசியம் ஒன்றும் இல்லை. முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். அப்புறம் தீனியைக் கையில் வைத்து நீட்டு. கைக்கு வந்து தின்ன ஆரம்பித்ததும், விரலைக் காலுக்கு மேலே அடிவயிற்றில் மெல்ல ஒட்டி வை. தானாக விரலில் ஏறும். பிறகு ஒரு தாங்கியில் உட்காரவைத்து, கையெட்டும் தூரத்தில் தீனியைக் காட்டிக் கூப்பிடு. வந்தால் தூரத்தைக் கொஞ்சம் கூட்டு, வராவிட்டால் குறை. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம் தாராளம். பட்டினி போட்டுப் பழக்காதே. சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வேலையை வைத்துக்கொண்டாலே போதும். சுற்றுகிற மின்விசிறிக்குக் கீழே புறாவைத் திறந்துவிடாதே. விசிறியை நிறுத்து, ஜன்னலுக்குத் திரை போடு, கண்ணாடியை மூடு, அப்புறம் கூண்டைத் திற.

இதெல்லாம் வந்த பிறகு மேடைச் சமாச்சாரம்: இசை, பளிச்சென்ற விளக்கு, வீசுகிற துணி, கைதட்டல். ஒவ்வொன்றாக, குறைந்த அளவில் ஆரம்பி. முதலில் பாட்டை மெல்ல வை. நிகழ்ச்சியன்று போடப்போகிற உடையிலேயே பழக்கு. கறுப்பு கோட்டைப் பார்த்துப் பழகாத புறாவுக்கு அன்றைக்கு நீ வேறு ஆள்.

நீ வேகமாகச் செய்ய ஆசைப்படுவாய் என்று தெரியும். சானிங் பொல்லாக்கின் பழைய படச்சுருளை இன்னொரு தடவை பார். 1926-ல் பிறந்த அமெரிக்கர், புறா வித்தையை உலகமெங்கும் பிரபலமாக்கியவர். 1959-ல் ஓர் இத்தாலியப் படத்தில் அவர் வந்த பிறகு எத்தனையோ பேர் அதே மாதிரி உடுத்திக்கொண்டு மேடையேறினார்கள். அவர் கையைக் கவனி. அவசரமே இருக்காது, புறா அந்தக் கையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். 1982-ல் உலக மேஜிக் போட்டியில் முதன்மைப் பரிசு வாங்கிய லான்ஸ் பர்ட்டனின் வித்தையிலும் புறாதான் உயிர்நாடி. இவர்களின் நிதானத்தில் பாதி, பறவை பழகியிருப்பதால் வந்தது என்பேன். அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்.

இறக்கையை வெட்டலாமா என்று கேட்பாய். சிலர் நீண்ட இறகுகளில் சிலவற்றை வெட்டிவிடுவார்கள், அப்போது தூரப் பறக்காது. முற்றிய இறகை வெட்டினால் வலிக்காது, சிறகு உதிர்ந்து முளைக்கும்போது மறுபடி வந்துவிடும். ஆனால் வளர்ந்துகொண்டிருக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும், தெரியாமல் அதை வெட்டினால் ரத்தம் கொட்டும். என் கட்சி, வெட்டாமல் பழக்குவதுதான். பறக்கத் தெரிந்த புறா திரும்பி உன் கைக்கு வருவது, எடுக்கிற வித்தையைவிடப் பெரிய வித்தை. அவசியம் என்று தோன்றினால் பறவை வைத்தியரிடம் காட்டிக் கற்றுக்கொண்டு செய்.

நிகழ்ச்சியன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே தீனியை எடுத்துவிடு, எச்சம் குறையும். தண்ணீரை எடுக்காதே. எங்கே ஒளித்து வைப்பது, எப்படி எடுப்பது என்பதை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன், அது நீயும் அப்பாவும் பேச வேண்டியது. நான் சொல்வது ஒன்றுதான்: எந்த இடமானாலும் காற்று போக வேண்டும், நெஞ்சு அசைய வேண்டும், உள்ளே இருக்கும் நேரம் சில நிமிஷங்களைத் தாண்டக் கூடாது. அதனால் புறா வருகிற பகுதியை நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் வை. உன் உடம்புச் சூடு, விளக்குச் சூடு எல்லாம் அதன்மேல்தான் இறங்கும். வெளியே எடுக்கும்போது மூச்சு வாங்கினால் அன்றைக்கு அதற்கு ஓய்வு. இதற்காகவே, மேடைக்கு இரண்டு தேவையென்றால் வீட்டில் நான்கு இருப்பது நல்லது; மாற்றி மாற்றி எடுக்கலாம். ஆரம்பத்தில் இரண்டு போதும், ஒன்றை மட்டும் மேடையில் காட்டு.

திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் புறாவைக் கொண்டுபோகாதே. விழாக்களில் வானத்தில் பறக்கவிடுகிறார்களே என்று உனக்குத் தோன்றலாம். ஒழுங்காகச் செய்கிறவர்கள் விடுவது வெள்ளைப் பந்தயப் புறா, அது வீடு திரும்பிவிடும். ரிங்நெக்குக்கு அந்தத் திசையறிவு இல்லை. வெளியே போனால் பருந்துக்கோ பூனைக்கோ இரை, இல்லாவிட்டால் பட்டினி.

வாங்குவதற்கு முன்னாலேயே பறவை பார்க்கத் தெரிந்த வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொள். புறா நோயை மறைக்கும். உடம்பை உப்பிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால் அதற்கு முன்பே பல நாளாகச் சுகமில்லை என்று அர்த்தம். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வை. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் கொண்டுபோ. பின்னால் வாங்குகிற புதுப் புறாவை ஒரு மாதம் வேறு அறையில் வைத்த பிறகு மற்றதோடு சேர். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை நனைத்துவிட்டுத் துடை, முகக்கவசம் போட்டுக்கொள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, உனக்குச் சின்ன வயதிலேயே இளைப்பு வேறு உண்டு.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் இருக்கும். மேடைக்கு ஆகாத காலத்திலும் அதற்குக் கூண்டும் தீனியும் துணையும் வேண்டும். நீ வெளியூர் போகிற நாட்களில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் புறா வாங்குவதற்கு முன்னாலேயே முடிவு செய். உன்னோடு தங்கியிருக்கும் தோழி சம்மதித்தாளா? அவளிடம் கேட்டுவிட்டுக் கூண்டு வைக்கப்போகும் அறையைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஜன்னலும் மின்விசிறியும் தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அம்மா