ஸ்டென்ட் போட்ட தேதி இருக்கிறது, எடுக்கும் தேதிக்கு யார் பொறுப்பு?

கடலூர் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் புதுச்சேரி சுகாதாரத்துறை இயக்குநருக்கும் வணக்கம்.

சிறுநீரகக் கல்லுக்கு லேசர் செய்துகொண்டு, உள்ளே டி.ஜே. ஸ்டென்ட்டோடு (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீர் வடிய, தற்காலிகமாக வைக்கும், இரு முனையும் சுருண்ட குழாய்) வீடு திரும்புகிறவர்களில் சிலர் அதை எடுக்க வருவதே இல்லை. வருடங்கள் கழித்து, காய்ச்சலும் குளிருமாக வந்து சேர்கிறார்கள். ஈர்க்குச்சிப் பருமனுள்ள அந்த 26 செ.மீ. குழாயின் மேல் சுருளிலும் கீழ்ச் சுருளிலும் அந்த வருடங்களில் கல் படிந்திருக்கும். நாள்பட்ட பிளாஸ்டிக் விறைத்து, பக்கத்துளைகள் உள்ள இடத்தில் ஒடிந்தும் போயிருக்கும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், 6 வாரத்துக்குள் எடுத்த ஸ்டென்ட்களில் 9.2 சதவீதத்தில்தான் கல் படிந்திருந்தது. 12 வாரம் தாண்டியவற்றில் 76.3 சதவீதம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் சீக்கிரம் படியும்.

நோயாளியைக் குறை சொல்லிப் பயனில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில், ஆங்கிலத்தில், "ரிவ்யூ ஆஃப்டர் 4 வீக்ஸ்" என்று இருக்கும். வலி நின்றவர் எதற்கு ரிவ்யூவுக்கு வருவார்? உள்ளே குழாய் இருப்பதே பலருக்குத் தெரியாது. கொடுத்த செல்போன் எண்ணும் வெளியூரில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். நீர்க்கடுப்பும் இரத்தமும் வந்தால் சூடு என்று நினைத்து மோர் குடிப்பார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்குவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் "கல்லுக்கு ஆபரேஷன் செய்தீர்களா?" என்று கேட்டு, சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை காட்டும் ஒரு கே.யூ.பி. எக்ஸ்ரே எடுத்தாலே குழாய் முழு நீளத்துக்கும் தெரிந்துவிடும்.

தாமதமாக வந்தவருக்கு அவசரம் கூடாது. கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் கல்ச்சர், கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சி.டி., சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க டி.டி.பி.ஏ. ஸ்கேன் ஆகியவை முதலில். அடைப்போடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கு முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்குள் நெஃப்ராஸ்டமிக் குழாய் மட்டும் போட்டு, சிறுநீரை வடிய விட வேண்டும். கல்லைப் பிறகு பார்க்கலாம். சிறுநீர்ப்பையில் தெரியும் ஸ்டென்ட் நுனியைப் பிடித்து இழுக்கும்போது இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மீறி இழுத்தால் ஸ்டென்ட் அறும், சமயத்தில் சிறுநீர்க்குழாயே பிய்ந்து கூட வரும். கீழ்ச் சுருளின் கல்லை முதலில் உடைத்து, ஸ்டென்ட்டை ஒட்டியே சிறுநீர்க்குழாய்க்குள் யூரிட்டரோஸ்கோப் என்ற உள்நோக்குக் கருவியைச் செலுத்தி நடுவில் படிந்ததை லேசரால் நீக்கி, மேல் சுருளில் பெரிய கல் இருந்தால் முதுகு வழியாகத் துளையிட்டுக் கல்லை எடுக்கும் பி.சி.என்.எல். செய்ய வேண்டும். ஒரே அமர்வில் முடியாமலும் போகலாம். எடுத்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்து, போட்ட நீளத்தோடு அளந்து பார்க்காமல் நோயாளியை அனுப்பக்கூடாது. சந்தேகமிருந்தால் மறுபடி எக்ஸ்ரே.

உரிய நாளில் வந்திருந்தால்? மரத்துப்போக லிக்னோகெய்ன் ஜெல்லி, சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப், சில நிமிடம். அன்றே வீடு.

எனவே ஸ்டென்ட் போடும் ஒவ்வொரு மருத்துவமனையும், தனியார் உட்பட, ஒரு பதிவேடு வைக்க உத்தரவிடுங்கள்: போட்ட தேதி, வலமா இடமா, நீளம், எடுக்க வேண்டிய தேதி, இரண்டு செல்போன் எண்கள். நோயாளியிடம் தமிழில் ஓர் அட்டை. வாரம் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து, தேதி தாண்டியவர்களைக் கூப்பிடுவது யார் வேலை என்று பெயர் குறிப்பிட்டு ஒப்படைக்க வேண்டும். எண் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டுப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர்கள் வீட்டுக்கே போகிறார்களே, அவர்களிடம் பட்டியலைக் கொடுக்கலாம்.

உங்கள் இருவருக்கும் சேர்த்து எழுதக் காரணம், பண்ருட்டிக்காரர் புதுச்சேரியில் ஸ்டென்ட் போட்டுக்கொள்கிறார், பாகூர்க்காரர் கடலூருக்கு வருகிறார். தேதி தாண்டியவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை இரு துறைகளும் பரிமாறிக்கொள்ள ஓர் அலுவலரை நியமியுங்கள். ஸ்டென்ட் எடுக்கத் தனிக் கட்டணம் கேட்கும் இடங்கள் இருந்தால், அதையும் முதல் சிகிச்சைச் செலவிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறுநீரியல் (யூராலஜி) பிரிவுகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள்