ஸ்பெர்மிடின் வாங்கும் ஆய்வகங்களுக்கு ஒரு விளக்க மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்களிடம் ஸ்பெர்மிடின் (செல்களில் இயல்பாகவே உள்ள, பாலிஅமீன் என்னும் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறு) வாங்கிச் செல் வளர்ப்பில் சேர்த்த ஆய்வகத்தார் சிலர், மறுநாள் காலையில் செல்கள் உருண்டு, தட்டின் அடிப்பரப்பை விட்டுக் கழன்று, ஊடகத்தில் (செல்கள் வளரும் சத்துநீரில்) மிதந்ததைச் சொல்லி, பொருளில் குறையா என்று கேட்டிருந்தார்கள். இதற்குப் பெரும்பாலும் காரணம் ஊடகத்தில் கலக்கும் மாட்டுச் சீரம். அதிலுள்ள அமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஸ்பெர்மிடினையும் அதே வகையைச் சேர்ந்த ஸ்பெர்மினையும் சிதைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடையும் நச்சு ஆல்டிஹைடுகளையும் உண்டாக்குகிறது. செல்களைக் கொல்பவை அவையே. 1 மில்லிமோலார் அமினோகுவானிடினை முன்கூட்டியே சேர்த்தால் அந்நொதி அடங்கும். அமினோகுவானிடின் மட்டும் சேர்த்த தட்டு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வையுங்கள். நைட்ரிக் ஆக்சைடை உருவாக்கும் நொதியையும் அது தடுக்கும் என்பதால், அத்துறையில் உழைப்போர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

நச்சுண்டு சாகிற செல்லிலும் மரபணு வெளிப்பாடு தாறுமாறாக மாறும். அதைப் பாலிஅமீனின் செயல் என்று எழுதிவிட்டால் ஒரு மாணவரின் பல மாத உழைப்பு வீணாகும் என்பதாலேயே இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

பாலிஅமீன்களின் உண்மையான செயல் வேறு விதமானது. செல்லுக்குள் பாலிஅமீன்களான புட்ரெசின் 2, ஸ்பெர்மிடின் 3, ஸ்பெர்மின் 4 என நேர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், எதிர்மின்னூட்டமுள்ள டிஎன்ஏவையும் ஆர்என்ஏவையும் இவை பற்றிக்கொள்கின்றன. பெரும்பங்கு ஆர்என்ஏவோடுதான் ஒட்டியிருக்கிறது. எனவே புரத ஆக்கத்தில் இவற்றின் செல்வாக்கு மிகுதி. ஸ்பெர்மிடின் தன் மூலக்கூறின் ஒரு பகுதியை இஐஎஃப்5ஏ என்ற புரதத்திலுள்ள ஒரே ஒரு லைசின் என்னும் அமினோ அமிலத்துக்குக் கொடுக்க, அந்த லைசின் ஹைப்யூசினாக மாறுகிறது. அந்த ஹைப்யூசின் இல்லையென்றால், புரோலின் என்னும் அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடங்களில், புரதத்தைக் கட்டும் ரைபோசோம் திணறி நின்றுவிடும். இன்னொன்று எங்களை இன்றும் வியக்க வைப்பது: பாலிஅமீன் பெருகும்போது ஆன்டிசைம் என்னும் புரதத்துக்கான ஆர்என்ஏவைப் படிக்கும் ரைபோசோம் நிறுத்தக் குறியருகே ஓர் எழுத்துத் தாவி, மேலே படித்து முழு ஆன்டிசைமை உருவாக்குகிறது, அந்த ஆன்டிசைம், புட்ரெசினை ஆக்கும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்னும் நொதியை அழிவுக்கு அனுப்புகிறது. ஆர்என்ஏவின் அளவு மாறாமலே இவ்வளவும் நடக்கக்கூடும். ஆதலால் ஆர்என்ஏவை அளக்கும் க்யூபிசிஆர் முடிவோடு நிறுத்தாமல் வெஸ்டர்ன் பிளாட் செய்து புரதத்தையும் அளந்து பாருங்கள்.

எடை போடுகையில் ஒன்றைக் கவனிக்கவும். தூளாக வரும் ஸ்பெர்மிடின் டிரைஹைட்ரோகுளோரைடு உப்பின் மூலக்கூறு எடை 254.6. உப்பாக்கப்படாத தனிக் காரத்தின் 145.2 என்ற எண்ணைக் கொண்டு கணக்கிட்டால் கரைசலின் செறிவு குறைந்துவிடும்.

இனி ஒவ்வொரு குப்பியின் உறையிலும் சீரம் பற்றிய இந்த எச்சரிக்கையை அச்சிட்டு அனுப்புவோம். முன்பே அதைச் செய்யத் தவறியதற்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவினர்