வேலூர்ப் பக்கம் கேன்சர் பார்க்கும் டாக்டர்களே, எங்கள் தூக்கத்தையும் கேளுங்கள்

வணக்கம் டாக்டர்.

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது, நோய் திரும்பி வராமல் இருக்கத் தருகிற தமாக்ஸிஃபென் மாத்திரை மட்டும் ஓடுகிறது. ரிப்போர்ட் நல்லா இருக்கு என்று அனுப்பி வைக்கிறீர்கள், அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பெல்லாம் குபீரென்று அனல் அடித்து, ஜாக்கெட் நனைந்து எழுந்து உட்கார்ந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. பீரோ மேலே மஞ்சள் பையில் என் ஃபைல் இருக்கிறது, அடுத்த செக்கப்பில் என்ன சொல்லுவார்களோ என்று இருட்டிலும் கண் அங்கேயே போய் நிற்கும். பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் போகிற இடத்தில் இதைச் சொன்னபோது "வயசானா அப்படித்தாம்மா" என்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு 46 வயது.

சென்னையில் இருக்கும் அண்ணன் மகள்தான் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது மனசை அலையவிடாமல் உடம்பிலும் மூச்சிலும் நிறுத்திப் பழகும் பயிற்சி பற்றிச் சொன்னாள். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் என்பவர் ஆரம்பித்த 8 வாரப் பயிற்சி அது. அவள் அனுப்பிய ஆடியோவைக் கேட்டுப் படுத்தேன். கால் விரலில் தொடங்கி, பாதம், முழங்கால் என்று ஒவ்வொரு இடமாக மனசை வைத்து மேலே வரவேண்டும். முதல் பத்து நாள் வயிறு வரை வருவேன், ஆபரேஷன் செய்த இடத்தைத் தாண்டி நேராகக் கழுத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ராத்திரி அங்கேயே நின்றேன், தழும்பு இழுத்தது, அழுதேன், அப்படியே தூங்கியும் போனேன். இப்போதும் தினமும் தூக்கம் வருகிறது என்று சொல்லமாட்டேன், ஆனால் தூக்கம் வராத ராத்திரியைப் பார்த்து முன்பு போல் பயப்படுவதில்லை.

இது மந்திரம் இல்லை என்பதும் தெரியும். கனடாவில் கால்கரியில் தூக்கமில்லாத 111 கேன்சர் நோயாளிகளை வைத்து நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், எழுந்திருக்கும் நேரத்தை மாற்றாமல் இருப்பது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது போன்ற பழக்கங்களைச் சொல்லித்தரும் சிபிடி (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை) முறைதான் சீக்கிரம் பலன் கொடுத்தது. மைண்ட்ஃபுல்னஸ் மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தபோது அதற்குக் குறையாமல் வந்து நின்றது. தூக்கம் கெடக் காரணம் வலியா, அனலா, ஸ்டீராய்டு மருந்தா, குறட்டையா என்று நீங்கள் முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் இந்த இரண்டில் எது யாருக்கு ஒத்துவரும் என்று சொல்லலாமே.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. செக்கப்பில் ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ் "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?" என்று கேட்டு அதையும் சீட்டில் எழுதட்டும். நர்ஸுகளுக்கும் கவுன்சிலர்களுக்கும் பயிற்சி கொடுத்து குடியாத்தம், ஆம்பூர், வாலாஜா அரசு ஆஸ்பத்திரிகளில் வாரம் ஒரு வகுப்பு நடத்துங்கள், வாரா வாரம் வேலூருக்கு பஸ் ஏற எல்லாராலும் முடியாது. ஆடியோவை எங்கள் பேச்சுத் தமிழில் பதிவு செய்யுங்கள், "உங்கள் சுவாசத்தை அவதானியுங்கள்" என்றால் பீடி சுற்றுகிற என் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியாது. மூச்சைப் பாரும்மா என்றால் போதும். அவருக்கும் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய், போன வருஷம்தான் சிகிச்சை முடிந்தது. ராத்திரி அவர் வீட்டு லைட்டும் எரிகிறது.