வெர்னான் பூல்வார்டில் ஒரு கல்தொட்டி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதுதான் இரண்டு நாளாக மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. "அக்கா, இந்த நியூயார்க்கில் ஒரு நிமிஷம்கூடச் சத்தம் நிற்பதில்லை" என்றாய். வேலைக்குப் போகும்போது ரயில், வந்து படுத்தால் ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ். ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூடக் கேட்டாய். எனக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. உன்னைப் போல இங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் இன்னும் சிலரும் இதையே கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த ஊரின் குயின்ஸ் பகுதியில் ஆற்றோரமாக ஒரு காஸ்ட்கோ கடை இருக்கிறதே, மாதம் ஒருமுறை நீ அரிசி வாங்கப் போவாயே, அதிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் அதே வெர்னான் பூல்வார்டில் ஒரு பழைய செங்கல் கட்டடம் வரும். முன்னால் அது தொழிற்கூடம். இசாமு நொகுச்சி என்ற சிற்பி அதை வாங்கி, 1985இல் தன் சிற்பங்களுக்கான அருங்காட்சியகமாகத் திறந்தார். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் போயிருப்பாய். ஒரு தடவை உள்ளே போ.

உள்ளே தோட்டத்தில் கருங்கல்லில் ஒரு தண்ணீர்க் கல் இருக்கிறது. இடுப்புயரம்கூட இருக்காது. சில பக்கங்களை மண்ணிலிருந்து எடுத்த மாதிரியே சொரசொரப்பாக விட்டிருக்கிறார். சில பக்கங்களை வெட்டி வழவழப்பாக்கியிருக்கிறார். மேலே வட்டமாக ஒரு குழி. அதிலிருந்து தண்ணீர் ஊறி, விளிம்பு தாண்டி, கல்லின் உடம்பு முழுக்க வழிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் இருப்பதே தெரியாது, கல்லுக்கு எண்ணெய் தடவியதுபோல ஒரு பளபளப்புதான். கிட்டே போய் நின்றால்தான், மேலே தெரிகிற மரக்கிளையின் நிழல் லேசாக நடுங்குவதை வைத்து, அது ஓடுகிற தண்ணீர் என்று புரியும்.

ஜப்பானில் தேநீர் விருந்துக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் கை கழுவ, வாய் கொப்பளிக்க, தாழ்வாக ஒரு கல்தொட்டி வைத்திருப்பார்கள். சுகுபாய் என்று பேர். குனிந்து உட்கார்ந்தால்தான் தண்ணீர் எட்டும், அந்தக் குனிதலிலிருந்தே பேரும் வந்தது. நொகுச்சி 1982இல் செய்த இந்தக் கல் அந்தத் தொட்டியின் வேறொரு வடிவம். எனக்கு என்னவோ அதைப் பார்த்ததும் நம் அம்மாச்சி வீட்டுக் கிணற்றடியில் மாட்டுக்குத் தண்ணி வைக்கிற தொட்டிதான் ஞாபகம் வந்தது. மத்தியானத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் கல்லிலிருந்தே ஒரு குளிர்ச்சி ஏறும், உனக்கும் நினைவிருக்கும்.

நான் முதல் தடவை போனது என் வாழ்க்கையில் ரொம்ப மோசமான ஒரு குளிர்காலத்தில். வேலை போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. அன்றைக்கு அந்தக் கல்லுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். மதிலுக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டே பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது. முதலில் எரிச்சல். அப்புறம் தண்ணீரின் சத்தமும் காதில் விழுந்தது, மிகச் சின்னதாக. லாரி நிற்கவில்லை. எனக்கு மட்டும் அதோடு சண்டை போடத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன்.

நொகுச்சியின் கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1904இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். பிள்ளைப் பருவம் ஜப்பானில். 13 வயதில் தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, நியூயார்க்கில் இருந்த அவரை யாரும் கூப்பிடவில்லை. தானாகவே அரிசோனா பாலைவனத்தில் இருந்த போஸ்டன் (Poston) முகாமுக்குப் போனார், உள்ளே இருப்பவர்களுக்குத் தோட்டமும் பூங்காவும் அமைத்துத் தரலாம் என்று. ஒன்றும் கட்ட விடவில்லை. வெளியே வர நினைத்தபோதும் உடனே விடவில்லை, மாதக்கணக்கில் காத்திருந்தார்.

அப்படிப்பட்டவர் எங்காவது மலையடிவாரத்தில் போய் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒதுங்க இடமும் இருந்தது. ஜப்பானில் ஷிகோகு தீவில், முரே என்ற கல்தச்சர்கள் ஊரில் அவருக்குப் பட்டறை இருந்தது, வருடா வருடம் போய் வேலை செய்தார். ஆனாலும் தன் கற்களை மற்றவர்கள் வந்து பார்ப்பதற்கென்று இந்த லாரித் தெருவிலும் ஓர் இடம் செய்து வைத்தார். தம்பி, நான் உனக்குச் சொல்ல வந்தது இதுதான். இந்த ஊரின் சத்தம் என்னவென்று தெரிந்த ஒருவர், அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே நமக்காகச் செய்து வைத்த இடம் அது.

உன் ஆபீஸ் பக்கத்திலேயே அவருடைய இன்னொரு வேலையும் இருக்கிறது. லிபர்ட்டி தெருவில் முன்பு வங்கிக்கென்று கட்டிய அந்தப் பெரிய கோபுரத்தின் முற்றத்தில், தரைமட்டத்துக்குக் கீழே வட்டமாக ஒரு கல்தோட்டம். 1960களின் தொடக்கத்தில் செய்தது. கற்கள் ஜப்பானின் உஜி ஆற்றிலிருந்து வந்தவை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஐந்து நிமிஷம் கீழே பார். போனைச் சட்டைப் பையிலேயே வை.

அருங்காட்சியகத்துக்கு இந்தச் சனிக்கிழமையே போய்விடு. திங்களும் செவ்வாயும் பூட்டியிருக்கும். ரயிலில் வந்தால் அஸ்டோரியாவில் பிராட்வே நிலையத்தில் இறங்கி ஆற்றுப் பக்கமாக நேராக நட. முதல் கூடத்தில் ஒரு பகுதி வானத்துக்குத் திறந்தே இருக்கும், மழையும் குளிரும் உள்ளே வரும், அதனால் கோட்டைக் கழற்றாதே. அரிசி வாங்குவதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்.

போய்விட்டு வந்து எனக்கு போன் பண்ணு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா