ஜமைக்கா நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு: கிரீடத்தை இறக்குமுன் பூட்டுகளை எண்ணுங்கள்

ஜமைக்காவின் பிரதிநிதிகள் சபை, செனட் ஆகிய இரு அவைகளின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். காமன்வெல்த் நாடுகளின் அரசமைப்புச் சட்டங்களைத் தொடர்ந்து படித்துவரும் தமிழர் சிலர் எழுதும் மடல் இது. பிரிட்டிஷ் மன்னரையே இன்னும் நாட்டுத் தலைவராகக் கொண்டிருக்கும் உங்கள் நாடு குடியரசாக வேண்டுமா என்பதை உங்கள் மக்கள் முடிவு செய்வார்கள். அந்த முடிவு நடைமுறையில் எங்கே சிக்கிக்கொள்ளும் என்பது பற்றியே எழுதுகிறோம்.

சின்னங்களை மாற்றுவது எளிது. மூன்றாம் சார்லஸ் 2022 செப்டம்பர் 8 அன்று மன்னரானார். அந்த மாதமே மன்னரின் பெயரெழுத்துச் சின்னத்தில் புனித எட்வர்ட் கிரீடம் போய் டியூடர் கிரீடம் வந்துவிட்டது. முடிசூட்டு நாளான 2023 மே 6 அன்று கனடா, சிலுவையில்லாமல் மேப்பிள் இலையும் பனிப்படிகமும் கொண்ட தன் சொந்தக் கிரீடத்தை வெளியிட்டது. ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கி 5 டாலர் நோட்டில் மன்னர் படம் இடம்பெறாது என்று அறிவித்தது. மன்னரின் பிரதிநிதியான உங்கள் கவர்னர் ஜெனரலே 2020இல், வெள்ளைத் தேவதூதர் கருநிறச் சாத்தானை மிதித்து நிற்கும் பதக்கத்தை அணிவதை நிறுத்தினார். எல்லாமே அறிவிப்பளவில் முடிந்த காரியங்கள். அதே கனடாவில் மன்னரை நீக்க வேண்டுமானால் கூட்டாட்சி நாடாளுமன்றத்தோடு 10 மாகாணச் சட்டமன்றங்களும் ஒரே குரலில் சம்மதிக்க வேண்டும்.

உங்கள் பூட்டு, அதாவது அரசமைப்பைத் திருத்த விதித்த நிபந்தனை, அவ்வளவு கடினமானதல்ல; ஆனால் எளிதென்று நினைத்தால் ஏமாற்றிவிடும். நாடாளுமன்றத்தில் மன்னருக்கு இடம் தரும் 34ஆம் பிரிவும், நிர்வாக அதிகாரத்தை அவரிடம் வைக்கும் 68ஆம் பிரிவும் மிகவும் இறுக்கமாகப் பாதுகாக்கப்பட்டவை. 49ஆம் பிரிவின்படி, மசோதா பிரதிநிதிகள் சபையில் அறிமுகமாகி 3 மாதம் கழித்தே முதல் விவாதம் தொடங்கலாம். விவாதம் முடிந்து மேலும் 3 மாதம் போனபின்தான் அது நிறைவேறலாம். இரு அவைகளிலும் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. அதன்பின் 2 மாதத்துக்குக் குறையாமல், 6 மாதத்தைத் தாண்டாமல் மக்கள் வாக்கெடுப்பு. எவ்வளவு வேகமாக ஓடினாலும் 8 மாதம் பிடிக்கும்.

எண்ணிக்கையைப் பாருங்கள். செனட்டில் 21 பேர். 13 பேர் பிரதமர் தரப்பு, 8 பேர் எதிர்க்கட்சித் தலைவர் தரப்பு. தேவை 14. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் ஒரு குரல் குறையும்படி, சுதந்திரம் பெற்ற 1962இல் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கீழவையில் 63க்கு 42 வேண்டும்; 2025 செப்டம்பர் தேர்தலில் ஆளுங்கட்சி பெற்றது 35. செனட் மறுத்தாலும் மக்களிடம் போகலாம், ஆனால் அப்போது வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். இரு அவைகளும் ஒத்துப்போனால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். எதிர்க்கட்சியோடு உடன்பாடு காண்பதை மரியாதைக்குச் செய்யும் சடங்காக நினைத்தால் தோல்வி நிச்சயம்.

2024 டிசம்பரில் கொண்டுவந்த மசோதா இதனால்தான் நின்றது. மன்னரை நீக்கிவிட்டு, லண்டன் பிரிவி கவுன்சிலை இறுதி நீதிமன்றமாக விட்டுவைத்ததை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. தேர்தலுக்காக நாடாளுமன்றம் கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. சட்டப்படி அந்த ஏற்பாட்டில் தவறில்லை: இன்னொரு கரீபிய நாடான டிரினிடாட் 1976 முதல் குடியரசு, இன்றும் அதன் மேல்முறையீடுகள் லண்டனுக்கே போகின்றன. அரசியல்ரீதியாக அது விலைபோகாத சரக்கு.

எங்கள் யோசனை இது. இரண்டு மசோதாக்களை ஒரே நாளில் கொண்டுவாருங்கள். ஒன்று மன்னரை நீக்க, மற்றது கரீபிய நீதிமன்றத்தை இறுதி நீதிமன்றமாக்க. இரண்டாவதைச் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்ற முடியாது என்று 2005இல் பிரிவி கவுன்சிலே உங்கள் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. வாக்கெடுப்பு நாளில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேளுங்கள். ஒன்று தோற்றாலும் மற்றது பிழைக்கும். முதல் மசோதாவை எழுதும்போது ஒரு எச்சரிக்கை: 110ஆம் பிரிவில் மேல்முறையீடு அரசருக்குப் போவதாக உள்ள வாசகத்தை, டிரினிடாட் செய்ததுபோல் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவுக்கே நேரடியாகப் போவதாகத் திருத்துங்கள். இல்லாவிட்டால் முதல் கேள்வி மட்டும் வென்றால், இல்லாத மன்னருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டிவரும்.

வாக்கெடுப்புகள் தோற்ற விதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2009இல் கரீபிய நாடான செயின்ட் வின்சென்ட் முழுப் புதிய அரசமைப்பையே ஒரே பொட்டலமாகக் கட்டி மக்கள் முன் வைத்தது. தேவை மூன்றில் இரண்டு பங்கு, கிடைத்தது பாதிகூட இல்லை. 1999இல் ஆஸ்திரேலியாவில், குடியரசை விரும்பியவர்களிலேயே ஒரு பகுதியினர் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்த்து வாக்களித்தார்கள். அதிபரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை இரு கட்சிகளும் முதலில் தீர்த்துக்கொள்ளாமல் தேதி குறிக்காதீர்கள். பார்படோஸ் 2021 நவம்பர் 30 அன்று வாக்கெடுப்பில்லாமலே குடியரசானது என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். அவர்கள் சட்டம் அதற்கு இடம் தந்தது, உங்களுடையது தரவில்லை.

இலங்கையின் அனுபவத்தையும் சொல்லியாக வேண்டும். 1972 மே 22 அன்று எலிசபெத் அரசி அந்நாட்டின் தலைவராக இருப்பது முடிந்தது. ஒரு சமூகத்தையோ மதத்தையோ குறிவைத்துப் பாரபட்சமான சட்டம் இயற்றத் தடைவிதித்த, அதுவரை நடப்பிலிருந்த சோல்பரி அரசமைப்பின் 29(2)ஆம் பிரிவும் அன்றோடு போனது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யும் வழி அதற்கு முன்பே அடைக்கப்பட்டிருந்தது. மன்னராட்சி போனதால் தமிழர் எவரும் அழவில்லை. காப்பு போனதன் விலையைத்தான் பின்னாளில் கொடுத்தோம். 2011இல் நீங்கள் சேர்த்த அடிப்படை உரிமைச் சாசனத்தில் ஒரு சொல்லும் மாறாது என்று மசோதாவின் முகப்பிலேயே எழுதிவிடுங்கள்.

காமன்வெல்த்தை விட்டுப் போகவேண்டியிருக்குமோ என்ற அச்சம் தேவையில்லை. 56 உறுப்பு நாடுகளில் மன்னர் சார்லஸை நாட்டுத் தலைவராகக் கொண்டவை 15 மட்டுமே; பெரும்பாலானவை குடியரசுகள். குடியரசாகும் உறுப்பு நாடு தகுதி விதிகளைத் தொடர்ந்து நிறைவேற்றினால் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை என்று 2007இல் கம்பாலாவில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாடு முடிவு செய்துவிட்டது. ஒரு வேடிக்கை: அடிமைமுறை பற்றிய சட்டக் கேள்வியைப் பிரிவி கவுன்சிலுக்கு அனுப்பும்படி சார்லஸிடம் மனுக் கொடுக்கப்போவதாக 2025இல் உங்கள் அரசே அறிவித்தது. நீதிக்குழு பற்றிய 1833ஆம் ஆண்டுச் சட்டம் தரும் அந்த வழி, அவர் உங்கள் மன்னராக இருப்பதால்தான் உங்களுக்குக் கைகூடுகிறது. மனுவைப் பயன்படுத்துவதானால் அவர் உங்கள் மன்னராக இருக்கும்போதே பயன்படுத்திவிடுங்கள்.

கடைசியாக, மசோதாவோடு ஒரு அட்டவணை வேண்டும். குற்றவழக்குகள் யார் பெயரில் நடக்கும், மன்னர் பெயரிலுள்ள நிலங்கள் யாருக்குச் சேரும், காவல்துறை அதிகாரிகளின் நியமனப் பத்திரங்களும் பழைய ஒப்பந்தங்களும் செல்லுமா என்று வரிவரியாக அதில் எழுதுங்கள். அதை அறிமுக நாளன்றே மக்களிடம் கொடுத்துவிட்டால், சட்டம் கட்டாயமாக்கிய காத்திருப்பு மாதங்கள் அவர்கள் அதைப் படிக்கப் பயன்படும்.

மரியாதையுடன்,
அரசமைப்புச் சட்டம் படிக்கும் தமிழர் சிலர்