ஆடுகளை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் எழுத்தாளர்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் வட கரோலினாவில், ஃபிளாட் ராக் என்ற சின்ன ஊரில் இருக்கும் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க்கின் வீட்டுக்கும் அதில் இடம் கிடைத்ததில் இந்தப் பக்கத்துக்காரியான எனக்கு மகிழ்ச்சி. புத்தக அலமாரிகள், தட்டச்சுப்பொறி, கவிஞர் வாங்கிய புலிட்சர் பரிசுகள் எல்லாம் வந்திருந்தன. சரி. கடைசியில், "சில ஆடுகளும் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும்" என்று கட்டுரையாளர் கதையை முடித்துவிட்டாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பண்ணைக்கு சாண்ட்பர்க் குடும்பம் வந்ததே ஆடுகளுக்காகத்தான். அதற்கு முன் அவர்கள் மிச்சிகனில் இருந்தார்கள். கவிஞரின் மனைவி லிலியன், வீட்டில் எல்லாருக்கும் பாலா, 1930களிலேயே அங்கே கறவை ஆடுகள் வளர்க்கத் தொடங்கிவிட்டார். மிச்சிகன் குளிர் ஆட்டுக்கும் ஆகாது, மேய்ச்சலுக்கும் ஆகாது. குளிர் குறைந்த, புல் அதிக நாள் பச்சையாக இருக்கும் இடமாகத் தேடித்தான் 1945-இல் கானிமாரா என்ற இந்தப் பழைய பண்ணையை வாங்கினார்கள். கவிஞருக்கு எழுத எங்கேயும் ஒரு நாற்காலி போதும். மந்தைக்குத்தான் மேய்ச்சல் நிலம் வேண்டும்.

பாலா பொழுதுபோக்குக்கு ஆடு வளர்த்தவர் இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். வம்சாவளி எழுதி, கறவைக் கணக்கு வைத்து, கிடா தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியவர். அவருடைய 'சிக்கமிங்' மந்தை அமெரிக்காவின் ஆடு வளர்ப்பாளர்களிடையே பெயர்பெற்றது. ஜெனிஃபர் என்று பெயர் வைத்த டோகன்பர்க் இன ஆடு ஒன்று, ஒரே கறவைக் காலத்தில் சுமார் 2,600 கிலோ பால் கறந்து 1960-இல் உலக சாதனை படைத்தது. நாளுக்கு எட்டு கிலோவுக்கு மேல்! நம் ஊரில் பல பசுக்களே அவ்வளவு கறப்பதில்லை. ஆனாலும் இன்று பெயர்ப்பலகையில் இருப்பது கணவர் பெயர் மட்டும்.

சாண்ட்பர்க் 1967-இல் காலமானார். மறு ஆண்டே அந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாலா வளர்த்த அதே மூன்று இனங்களை இன்றும் அங்கே வைத்துப் பராமரிக்கிறார்கள். ஏரிக்கரையிலிருந்து மேடேறி, வீட்டையும் தாண்டிப் போனால் கொட்டகை வரும். வீட்டைச் சுற்றிப் பார்க்கத்தான் டிக்கெட். ஆடுகளைப் பார்க்கக் காசே கிடையாது. வீட்டுக்குள் அரை மணி நேரம் இருந்துவிட்டு, கொட்டகை வாசலில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று நினைப்பார்கள் போல.

நின்று பார்த்தால் எவ்வளவோ இருக்கிறது. சானன் முழு வெள்ளை. டோகன்பர்க் பழுப்பு, முகத்தில் கண்ணுக்கு மேலிருந்து வாய் வரை இரண்டு வெள்ளைக் கோடு. இந்த இரண்டும் சுவிட்சர்லாந்துப் பள்ளத்தாக்குகளின் பெயரைச் சுமப்பவை. நம் தென்மாவட்டத்துப் பால்கன்னி ஆட்டின் முகத்திலும் இதே கோடுகள்தான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள் யாராவது டோகன்பர்க்கைப் பார்த்தால் ஒரு கணம் திகைப்பார். மூன்றாவது நூபியன்: தொங்கு காது, வளைந்த மூக்கு, ஊரையே கூட்டும் குரல். இங்கிலாந்தில் உருவான இந்த இனத்தின் முன்னோர்களில் நம் ஜமுனாபாரிக் கிடாக்களும் உண்டு. அந்தக் காதைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

படம் எடுக்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் உட்காருங்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் கொம்படியும்தான் விழும். ஆட்டின் கண் மட்டத்துக்கு வந்தால் அந்தப் படுக்கைக் கோடு போன்ற கண்பாவை கிடைக்கும். உச்சி வெயிலில் சானனை எடுத்தால் வெள்ளை முழுக்க வெளிறிப்போய் மயிர் ஒன்றும் தெரியாது. ஃபோனில் ஆட்டைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வேலிக் கம்பி குறுக்கே வந்தால் லென்ஸை கம்பிக்கு மிக அருகில் கொண்டுபோங்கள், கம்பி மங்கி மறைந்துவிடும்.

அப்புறம், ஆடு படுத்து அசைபோடும்போது காத்திருங்கள். ஒரு கவளம் தொண்டை வழியே மேலேறுவது வெளியிலேயே தெரியும். கன்னம் உப்பும், கீழ்த்தாடை பக்கவாட்டில் அரைக்க ஆரம்பிக்கும். மென்று முடித்து விழுங்கியதும் சில நொடி தாடை அசையாது, கண் பாதி மூடியிருக்கும். பிறகு அடுத்த கவளம் ஏறும். படம் அந்த இடைவெளியில்தான். மென்றுகொண்டிருக்கும்போது எடுத்தால் வாய் கோணிப்போய், பாவம், கோபக்கார மாமியார் மாதிரி வரும்.

பாலாவின் அண்ணன் யார் தெரியுமா? எட்வர்ட் ஸ்டைக்கன். புகைப்படத்தைக் கலையாக ஏற்கச் செய்த முன்னோடிகளில் ஒருவர். 1955-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உலகெங்கும் எடுத்த 503 படங்களை வைத்து அவர் நடத்திய கண்காட்சிக்கு முன்னுரை எழுதியவர் மைத்துனர் சாண்ட்பர்க்தான். இப்படி ஒரு குடும்பத்தின் கொட்டகையில் கேமராவோடு நிற்கிறோம் என்பதைக் கட்டுரையாளர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இன்னொன்றைக் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும். ஆட்டைக் கண்டதும் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது, பக்கத்துச் செடியில் தழை ஒடித்து நீட்டிவிடுவோம். கானிமாராவில் அதைச் செய்யவே கூடாது. நீலகிரியில் காட்டுப் பூவரசு என்பார்களே, அந்த ரோடோடெண்ட்ரான் இனப் புதர்கள் அந்த மலைப் பகுதியில் நிறைய. அதன் இலை ஆட்டுக்கு நஞ்சு. கொஞ்சம் தின்றாலே வாந்தியும் நுரையுமாகத் தள்ளாடும், உயிரே போகலாம். பிஸ்கட், ரொட்டி எதுவும் வேண்டாம். குட்டிகள் பெரும்பாலும் வசந்தத்தில் பிறக்கும், அப்போது கூட்டமும் அதிகம், நீட்டப்படும் கைகளும் அதிகம். கட்டுரையைப் படித்துவிட்டுப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தம்தான்.

2024 செப்டம்பர் கடைசியில் வந்த ஹெலீன் புயல் இந்த மலைப் பகுதியையே புரட்டிப் போட்டது. பண்ணையையும் மூட வேண்டி வந்தது. அதனால் போவதற்கு முன் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நான் எடுத்த படங்களில் இரண்டை இணைத்திருக்கிறேன். ஒன்று அசைபோட்டு நிறுத்திய டோகன்பர்க், மற்றது தன் காதைத் தானே மிதிக்கப் பார்க்கும் நூபியன் குட்டி. இடம் இருந்தால் அடுத்த இதழில் போடுங்கள். கவிஞர் படம்தான் போன இதழிலேயே வந்துவிட்டதே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சார்லட், வட கரோலினா